ஆண்டுப் பிறப்பும் மனநலமும்: மட்டாஞ்சேரி காட்டும் வழி

ஓர் ஆண்டு கழிந்து மற்றோர் ஆண்டு பிறக்கும் வேளையில் மனித மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. கழிந்ததை எண்ணி வருந்துகிறது. வருவதை எண்ணி அஞ்சுகிறது. இவ்விரண்டு நோய்களுக்கும் மருந்தாகவே முன்னோர் ஆண்டுப் பிறப்புச் சடங்குகளைப் பேணி வந்தனர் என்பது என் துணிபு. இதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இம்மட்டாஞ்சேரியே போதும்.

ஒரே ஆண்டில் இத்தனை புத்தாண்டுகள் பிறக்கும் ஊர் வேறு உண்டோ என்று வியக்கத் தோன்றும். கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. மேட மாதப் பிறப்பில் மலையாளிகள் விஷு கொண்டாடுகின்றனர். நாம் அதனையொட்டிச் சித்திரை முதல் நாளைக் கொண்டாடுகிறோம். குசராத்தி வணிகருக்குத் தீபாவளிக்கு மறுநாள் புத்தாண்டு. யூதருக்குத் திஷ்ரி மாதத்தின் முதல் நாள். இவையன்றிக் கொச்சிக்கே உரிய ஆண்டுக் கணக்கு ஒன்றும் இருந்தது. 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றின் போக்கு மாறிக் கொச்சித் துறைமுகம் உருப்பெற்றது. வைப்பின் தீவும் அப்போது தோன்றியது என்பர். அந்நிகழ்ச்சியை முதலாகக் கொண்டு எண்ணப்பட்டதே ‘புதுவைப்பு’ ஆண்டு. பேரழிவு நேர்ந்த ஆண்டையே புதிய கணக்கின் முதலாண்டாக வைத்த அம்மக்களின் மனத்திண்மை எண்ணத்தக்கது.

இனி, சடங்குகளைச் சிறிது ஆராய்வோம்.

விஷுவிற்கு முந்திய இரவே வீட்டிற்கு மூத்த பெண்மணி உருளியில் அரிசி, கணிவெள்ளரி, கொன்றைப் பூ, கோடி வேட்டி, பொன், நாணயம், கண்ணாடி ஆகியவற்றைக் கண்ணன் திருவுருவின் முன் வைத்து விளக்கேற்ற ஆயத்தம் செய்வாள். விடியற்காலையில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து கணி காணச் செய்வாள். பின்னர்ப் பெரியோர் கைநீட்டம் அளிப்பர். இதில் கண்ணாடி எதற்கு? நல்லனவற்றின் நடுவே தன் முகத்தையும் ஒருவன் காண வேண்டும். ‘நானும் இம்மங்கலப் பொருள்களுள் ஒன்று’ என்று அவன் உள்ளம் தேற வேண்டும். ஆண்டு முழுதும் தன்னையே நொந்துகொள்பவனுக்கு இதனினும் எளிய மருந்து ஏது?

நம் வீடுகளிலும் கணி காணும் வழக்கம் உண்டு. குமரி நாட்டாரும் கோவைப் பகுதியாரும் இதனை நன்கு அறிவர். அதனோடு வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் நம் இலையில் இடம்பெறுகின்றன. கசப்பை விலக்காமல் முதல் நாளிலேயே சுவைத்துவிடுவது, வரும் துன்பத்தை அஞ்சாது ஏற்கும் பயிற்சியாகும்.

குசராத்தி வணிகர் தீபாவளியன்று புதிய கணக்கேட்டிற்குப் பூசை செய்து, ‘சுபம்’, ‘லாபம்’ என்று எழுதித் தொடங்குகின்றனர். இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டுடன் காலம் கழிக்கும் எனக்கு இவ்வழக்கத்தின் அருமை நன்கு விளங்கும். மார்ச்சு 31-ஆம் நாள் நிலுவைகளைத் தீர்க்காத எழுத்தன் ஏப்பிரல் முழுதும் தூக்கமின்றித் தவிப்பான். மனத்தின் கணக்கும் அவ்வாறே.

அம்மனக்கணக்கைத் தீர்க்கும் வழியை இவ்வூரின் வேறிரு சமயத்தாரிடம் காணலாம். 1568-இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி இன்றும் இங்கே நிற்கிறது. 1948-இல் இசுரேல் நாடு தோன்றிய பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். யூத நெறிப்படி, ஆண்டின் முதல் நாள் தொடங்கிப் பத்தாம் நாளாகிய பாவமன்னிப்பு நாள் வரையில் தன்னைத் தானே ஆராய்தல் கடமை. பிறருக்குச் செய்த தீங்கிற்கு இறைவனிடம் மன்றாடினால் மட்டும் போதாது; தீங்குற்றவனிடமே சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். சமணரும் பரியூஷண நோன்பின் இறுதியில், சம்வத்சரி நாளன்று, ‘மிச்சாமி துக்கடம்’ என்று கூறி ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகின்றனர்.

இத்தகைய சமய அனுபவத்தினின்று மனநல மருத்துவமும் பயன் பெற்றுள்ளது. சப்பானில் இஷின் யோஷிமோட்டோ (1916–1988) என்னும் பௌத்த அன்பர் ‘நைக்கான்’ என்னும் முறையை வகுத்தார். அதில் மூன்றே வினாக்கள்: இவரிடமிருந்து நான் பெற்றது யாது? இவருக்கு நான் திருப்பி அளித்தது யாது? இவருக்கு நான் விளைத்த தொல்லை யாது? தாயில் தொடங்கி ஒவ்வொருவரையும் எண்ணி, தனித்திருந்து விடை காண வேண்டும். இம்முறை அந்நாட்டுச் சிறைச்சாலைகளிலும் கையாளப்பட்டது. எனினும் ஒன்று கூறுவேன். மனம் நோயுற்று உறக்கமும் உணவும் இழந்தவர்க்குச் சடங்கு துணையாகலாமேயன்றி மருத்துவருக்கு ஈடாகாது.

“புத்தாண்டு எந்த நாள் என்பதிலேயே ஒற்றுமை இல்லையே?” என்று சிலர் வினவக்கூடும். உண்மைதான். பகலும் இரவும் ஒத்த நாள் இப்போது மார்ச்சு 20, 21-இல் நிகழ, சித்திரைப் பிறப்போ ஏப்பிரல் நடுவில் அமைகிறது. மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையால், 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு 2008-இல் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டென்று சட்டம் இயற்ற, அச்சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது. நாள் மாறும், வாதமும் தொடரும். ஆனால் நல்லதை முதலில் காண்பதும், கசப்பை ஏற்பதும், நிலுவை தீர்ப்பதும், மன்னிப்பு வேண்டுவதும் எந்நாட்காட்டிக்கும் பொதுவான அறங்கள். ஆதலின் ஆற்றல் நாளில் இல்லை. நாம் செய்யும் செயலில் உள்ளது.

நம் குடியிருப்பிற்கு வருவோம். ஒரே குழாயடியில் நீர் பிடிக்கும் இரு குடும்பங்கள் அற்பக் காரணத்தால் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பதை நாம் காண்கிறோம். பெரியோர் மறந்த காரணத்தைப் பிள்ளைகள் சுமக்கின்றனர். சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு நோயென்றால் ஓடி வருபவர் அண்டை வீட்டாரேயன்றி வேறு யார்? எனவே வரும் சித்திரை முதல் நாளில் கணி கண்டு பச்சடி உண்டபின், ஒவ்வொரு குடும்பத்தாரும் மனத்தாங்கல் கொண்ட ஒரு வீட்டின் வாயிலுக்கு ஒரு கிண்ணம் பச்சடியுடன் செல்ல வேண்டுகிறேன். யார் முதலில் செல்வது என்று எண்ணித் தயங்க வேண்டா. வயதில் மூத்தவர் முதலில் சென்றால் பிள்ளைகள் அதனைப் பார்த்துக் கற்றுக்கொள்வர்.