தியாகதுருகமும் எகிப்தின் குதிரைகளும்

(வாசகங்கள்: 2 அரசர்கள் 18:13 – 19:37, எசாயா 31:1-3)



கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்தில் போகிறவர்கள், தியாகதுருகத்தில் ஊரை ஒட்டி நிற்கும் பாறைக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஒரு பழைய கோட்டை சிதைந்து கிடக்கிறது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். அந்த மலைக்குத் தெற்கே ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கும், அதையும் தாண்டி மைசூர்ச் சீமைக்கும் பாதை போகிறது. அந்தப் பாதைக்குக் காவலாக இருந்ததால்தான் இந்தச் சிறு குன்றுக்காக அரசுகள் போரிட்டன. இன்று அந்தக் கோட்டையையும் எருசலேமையும் அருகருகே வைத்துச் சிந்திப்போம்.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தபடி புதுச்சேரியை நெருங்கினார். பிரான்சிலிருந்து கப்பல் வரவில்லை. கருவூலத்தில் பணம் இல்லை. லாலி ஒரு வழி கண்டார். மைசூரில் அப்போது வளர்ந்துவந்த ஐதர் அலியிடம் குதிரைப்படை இருந்தது. அதைக் கேட்டார். உதவிக்கு விலை வேண்டுமே! அந்த விலையில் ஒரு பங்குதான் நம் தியாகதுருகம். 1760 ஜூன் மாதத்தில் கோட்டை மைசூர் படையின் கைக்குப் போனது.

ஐதரின் தளபதி மக்தூம் அலி படையோடு வந்தார். ஜூலையில் திருவதிகைப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேயப் படைப்பிரிவை முறியடிக்கவும் செய்தார். வாங்கிய குதிரை நன்றாகத்தான் ஓடுகிறது என்று புதுச்சேரியில் நினைத்திருப்பார்கள். ஆனால் ஆகஸ்டில் சிறீரங்கப்பட்டினத்தில் கண்டேராவ் ஐதருக்கு எதிராகத் திரும்பினார். தம் உயிரையே காத்துக்கொள்ள வேண்டிய நிலை ஐதருக்கு வந்தது. மைசூர் குதிரைகள் வந்த வழியே திரும்பிவிட்டன.

அன்புக்குரியவர்களே, இந்த நிகழ்ச்சி நமக்குப் புதிதல்ல. இதற்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எசாயா இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிபு யூதா நாட்டின்மீது பாய்ந்தான். அரணுள்ள 46 நகர்களைப் பிடித்ததாக அவனுடைய களிமண் சாசனமே சொல்கிறது. இலாக்கிசு நகரை அவன் வீழ்த்திய காட்சி நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்டது. அந்தக் கற்பலகைகள் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எருசலேமில் அரசர் எசேக்கியா அஞ்சினார். முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கப்பமாகக் கட்டினார். கோவில் கதவில் பதித்திருந்த தகட்டையும் உரித்துக் கொடுத்தார். அரசவையிலோ எகிப்தின் தேர்களையும் குதிரைகளையும் நம்பியிருந்தவர்கள் பலர். எகிப்தியர் மனிதர்தாம், கடவுள் அல்ல. அவர்களின் குதிரைகளும் தசைதான் என்று எசாயா அவர்களை எச்சரித்தார். எகிப்தியர் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களும் நம்மைப்போல் பயப்படுகிறவர்கள், தங்கள் வீட்டில் தீப்பிடித்தால் அங்கே ஓடுகிறவர்கள் என்பதே அதன் பொருள். ஐதரும் அப்படித்தானே ஓடினார்?

அசீரியத் தூதன் மதிலுக்கு வெளியே நின்று கேலி பேசினான்: இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏறுவதற்கு ஆள் உண்டா என்று கேட்டான். பின்னர் மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆண்டவரின் இல்லத்துக்குப் போனார். அதை அவர் திருமுன் விரித்து வைத்தார். அழகான விண்ணப்பம் எழுதிக்கொண்டு போகவில்லை. வந்த கடிதத்தை அப்படியே விரித்தார். எருசலேம் பிழைத்தது. ஆண்டவரின் தூதர் அசீரியப் பாளையத்தில் இறங்கினார் என்று விவிலியம் சாட்சி சொல்கிறது. தன் வெற்றிகளை வரிசையாக எழுதிய சனகெரிபும் எருசலேமைப் பிடித்ததாக எழுதவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் கடவுளை நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை. எசேக்கியா பாறையைக் குடைந்து 533 மீட்டர் நீளச் சுரங்கம் வெட்டி நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. குளம் வெட்டியதற்காக எசாயா கடிந்துகொள்ளவில்லை. எல்லாவற்றையும் செய்து முடித்தவர்கள், அவற்றைத் திட்டமிட்டவரை நோக்கவில்லையே என்றுதான் வருந்தினார் (எசாயா 22:9-11).

இன்னொரு கேள்வி கடினமானது. எருசலேம் பிழைத்தது, இலாக்கிசு? அங்கே தாய்மார் அழுது மன்றாடவில்லையா? கட்டாயம் மன்றாடியிருப்பார்கள். ஆகவே, செபித்தவர் வென்றார், செபிக்காதவர் தோற்றார் என்று நாம் கணக்குப் போடக் கூடாது. எருசலேம் மக்கள் பிற்காலத்தில் அந்தத் தவறைத்தான் செய்தார்கள். கோவில் இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார்கள். கடவுளையே இன்னொரு கோட்டையாக மாற்றிவிட்டார்கள். எரேமியா கோவில் வாயிலில் நின்று சொன்னது வேறு: அந்நியரையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்காமலிருந்தால்தான் நீங்கள் இங்கே வாழ்வீர்கள் (எரேமியா 7:1-7). அவர்கள் கேட்கவில்லை. கி.மு. 587இல் நகரமும் கோவிலும் எரிந்தன.

இப்போது புதுச்சேரிக்குத் திரும்புவோம். ஐதரின் படை போனபின் முற்றுகை இறுகியது. தானியம் குறைந்தது. 1760 நவம்பர் இறுதியில் கோட்டைக்குள் ஒரு முடிவு எடுத்தார்கள். சிப்பாய்களுக்கு உணவு வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 1,400 உள்ளூர் மக்களை, பெண்களும் குழந்தைகளுமாக, வாயிலுக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்தார்கள். ஆங்கிலேயர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. திரும்பி வந்தபோது மதிலிலிருந்து சுட்டார்கள். எட்டு நாள் அந்த ஏழைகள் இரு படைகளுக்கும் நடுவே, புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். அதன் பின்னரே அயர் கூட் வழிவிட்டார்.

இருபுறமும் கிறிஸ்தவர்கள், நேயர்களே. இருபுறமும் ஞாயிறு வழிபாடு நடந்திருக்கும்.

புத்தாண்டு நாளில் பெரும் புயல் அடித்து ஆங்கிலேயக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தது. கடவுள் நம் பக்கம் என்று கோட்டைக்குள் சிலர் மகிழ்ந்திருக்கலாம். அடுத்த இரண்டு வாரத்தில், 1761 ஜனவரி 16 அன்று, பசியால் புதுச்சேரி பணிந்தது. பிப்ரவரியில், இரண்டு மாதத்துக்கும் மேலான முற்றுகைக்குப்பின், தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசமானது. புதுச்சேரி மதில்கள் தரைமட்டமாக்கப்பட்டன. நம் மறைமாவட்டப் பேராலயம் நிற்கும் இடத்திலிருந்த பழைய சம்பா கோவிலும் அந்த ஆண்டு இடிக்கப்பட்டது. இன்றைய ஆலயம் 1791இல்தான் எழுந்தது. பின்னர் கட்டப்பட்ட மதில்களும் நிலைக்கவில்லை. ஆனால் செபிக்கிற மக்கள் இருந்தார்கள். அதனால் கோவில் எழுந்தது.

கோட்டை விழுந்தது ஒரு தோல்வி. அதற்கு முன்னரே, அந்த 1,400 பேரை வெளியே தள்ளிய அன்றே, ஒரு பெரிய தோல்வி நடந்து முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். படைபலத்தை மட்டும் நம்புகிறவருக்கு, வாள் பிடிக்காத கை எல்லாம் வீண் சுமையாகத் தெரியும். கிழவி, குழந்தை, நோயாளி எல்லாரும் சோறு தின்னும் வாய்களாக மட்டுமே தெரிவார்கள். கடவுளை நம்புகிறவருக்கோ அவர்கள்தான் முதலில் காக்கப்பட வேண்டியவர்கள்.

நமக்கும் கோட்டைகள் உண்டு: சாதிப் பலம், கட்சிப் பலம், பணப் பலம், ஆள் பலம். வரப்புத் தகராறு வந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நெருக்கடி முற்றினால் நம் வீட்டில் யாரை வெளியே தள்ளுகிறோம்? மருந்துச் செலவுக்கு வயதான தாயையா? படிப்பை நிறுத்துவதற்குப் பெண்பிள்ளையையா? மலையிலிருந்து கூலிக்கு வந்தவரின் சம்பளத்தையா? நாம் எதை நம்புகிறோம் என்பதை நம் வாய் சொல்வதைவிட, அந்தக் கதவு தெளிவாகச் சொல்லிவிடும்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கலாம்: வங்கி நோட்டீஸ், நீதிமன்றச் சம்மன், மருத்துவ அறிக்கை. செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், சுரங்கத்தை வெட்டுங்கள். ஆனால் முதலில் அந்தக் கடிதத்தை எசேக்கியாவைப் போல ஆண்டவர்முன் விரித்து வையுங்கள். விரித்த பின், வாயிலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் குதிரைகள் திரும்பிப் போகும் நாளிலும் நீர் எங்களோடு இருக்கிறீர் என்று நம்பச் செய்தருளும். அச்சத்தால் நாங்கள் யாரையும் வெளியே தள்ளாதபடி காத்தருளும். ஆமென்.