உளி பிடித்த பள்ளிக்கூடம்

மலாயா விடுதலை பெற்ற அதே 1957-ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக அமர்ந்தார். இச்செய்தியின் பெருமை விளங்க வேண்டுமாயின், நான்காண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1953-இல் இராஜாஜி அமைச்சரவை தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொணர்ந்தது. பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளியில் படிப்பர். மீதிப்பொழுதில் தந்தையின் தொழிலைப் பழகுவர். கைத்தொழில் வழியாகக் கல்வி என்பது புதிய கருத்தன்று. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டிலேயே அது பேசப்பட்டது. எனினும் சென்னைத் திட்டத்தை மக்கள் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பேன். வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் மண் பிசையவும் அரசே கால அட்டவணை போட்டுக் கொடுப்பதைக் கல்வி என்று எந்த ஆசிரியர் ஒப்புவார்?

ஆனால் திட்டத்தோடு கைப்பழக்கமும் ஒதுங்கிவிடவில்லை. காமராசர் ஆட்சிக் காலத்திலேயே மாமல்லபுரத்துப் பள்ளி பிறந்தது. தந்தையிடம் மகனும் மாமனிடம் மருமகனும் பயின்று வந்த ஒரு கலையை, விண்ணப்பித்துச் சேரும் அரசுக் கல்விக்கூடத்துக்குள் கொண்டு வந்தது. எனக்கு இதுவே பெரிய செய்தி.

அக்கல்வி எவ்வாறு நடைபெறும் என்பதையும் சிறிது பார்ப்போம். பட்டறையில் புதிதாக வந்தவன் கையில் உடனே சிலை வேலை தரமாட்டார்கள். உளிமுனை மழுங்கும், அதை உலையில் காய்ச்சித் தட்டித் துவைச்சல் ஏற்ற வேண்டும். மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். பிறகு கல்லின் முகம் சமன் செய்தல், காவி தோய்த்த நூலால் கோடு அடித்தல், வேண்டாத கல்லைக் கழித்தல். இவற்றோடு அளவும் வரும். 24 அங்குலம் கொண்டது ஒரு முழம். உத்தம தசதாலம் என்னும் அளவில் அமையும் தெய்வ உருவத்தின் உயரம் 124 கூறு, நவதாலத்தில் 108. முகம், கழுத்து, மார்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் பங்கு உண்டு. பின்னக் கணக்கைக் கரும்பலகையில் சொல்லிச் சலித்த நம்மவர்க்கு, அக்கணக்கையே கல்லில் வெட்டிப் பார்க்கும் மாணவன்மேல் பொறாமை தோன்றாமற் போகாது!

வைத்தியநாதருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி பொறுப்பேற்று, 1980-களின் இறுதிவரை நடத்தினார். 1927-இல் பிறந்த அவர் காரைக்குடியில் கணிதம் பயின்ற பட்டதாரி. பட்டறையும் பல்கலைக்கழகமும் ஒருவரிடத்தே கூடியது பள்ளியின் நற்பேறு. பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்தது. மரபுக் கட்டடக் கலைக்கும் சிற்பத்துக்கும் இன்று பட்டமே வழங்கப்படுகிறது.

அவரது கல்வி கல்லூரிச் சுவருக்குள் அடங்கவில்லை. 1976-இல் சென்னையில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம், திருவாரூர்த் தேரை நினைவூட்டும் கல்தேரைக் கொண்டது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி. அறத்துப்பால் அதிகாரங்கள் 38. மேலுள்ள உருவம் 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம். எழுத்தறியாத ஒருவரிடமும் படகுக்காரர் இக்கணக்கைச் சொல்லிவிட முடியும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் அச்சிலை நின்றது.

இனி நம் பேராக்குக்கு வருவோம். பத்து காஜாவுக்கு அருகே, ஸ்காத்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் துரை எழுப்பத் தொடங்கிய மாளிகை அரைகுறையாக நிற்கிறது. அதற்குச் சென்னைப் பக்கமிருந்து கொத்தர்களை வரவழைத்தார். 70 பேர் என்பது வழக்கு. நச்சுக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டபோது, கோயில் வேண்டும் என்று எஞ்சியோர் கேட்க, துரை இசைந்தார். அக்கோயிலில் தெய்வ உருவங்களின் நடுவே மேல்நாட்டு உடையில் துரையும் இடம் பெற்றிருக்கிறார். நகைச்சுவையோ நன்றியோ, செய்த கையே அறியும்! 1926-இல் துரை லிஸ்பனில் மறைந்தார். கட்டட வேலையும் நின்றது. துரையின் பெயர் மாளிகைக்கு நிலைத்தது. கொத்தர்கள் பெயர் நிலைக்கவில்லை. அவர்களிடம் கற்றுத் தொடர்ந்த மாணவர் பரம்பரையும் இங்கே வேரூன்றவில்லை.

இன்றும் நம் தோட்டத்துக் கோயிலுக்குக் குடமுழுக்கு என்றால், ஸ்தபதிகள் தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றனர். தகரக் கொட்டகை போட்டுப் பல மாதம் தங்கிச் சுதை வேலை செய்துவிட்டுத் திரும்புகின்றனர். ஜெலாப்பாங் வட்டாரத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். சென்ற முறை நான் ஆறாம் ஆண்டு மாணவர்களை நோட்டும் நூலுமாக அக்கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். ஸ்தபதி மறுக்கவில்லை. ஒவ்வொருவர் முழங்கையையும் நூலால் அளக்கச் சொல்லி, அதை 24 ஆக மடிக்கச் சொன்னார். ஒரு மாணவிக்கு அது 24-இல் அடங்கவில்லை. யாருடைய முழம் சரியானது என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, தம் அளவுகோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.