அரவானுக்கு அழுவோர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் அரவான் களப்பலிக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். 32 லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலியிட்டால் பாண்டவருக்கு வெற்றி. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரதத்திலேயே இருக்கும் கதை.

அரவான் தலை விழும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்கக் கதை நினைவுக்கு வரும். 1948-இல் ஷெர்லி ஜாக்ஸன் எழுதிய ‘லாட்டரி’. ஒரு கிராமத்தார் ஆண்டுதோறும் சீட்டெடுத்து, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். செத்தவருக்காக அழ ஒருவரும் இல்லை.

நம் அரவானுக்கு அழ ஆளுண்டு. உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகத்தில், சித்திரையில், திருநங்கையர் அவனுக்கென்று தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளை உடைத்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஆகையால் நாம் மேல் என்று சொல்லிவிடலாமா? அழுகிறவர்கள் யார்? நாம் ஒதுக்கி வைத்தவர்கள். நாமோ வேடிக்கை பார்த்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்புகிறோம்.