கோப்புகள் வகுத்த கோடை: சிம்லாவும் சுற்றுலாப் பருவமும்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது தொல்காப்பியம். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு அது வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியுமாகும். இன்றைய சுற்றுலாத் தொழிலோ இளவேனிலையும் முதுவேனிலையுமே மலைக்குரிய பொழுதாகக் கொள்கிறது. தொல்காப்பியம் கூறியது மலையில் வாழ்வோரின் பொழுது. சுற்றுலா கூறுவது சமவெளியிலிருந்து வருவோரின் பொழுது. சுற்றுலாப் பருவம் என்பது வானிலையால் மட்டும் அமைவதன்று. அரசும் நிறுவனங்களும் வகுக்கும் நாட்காட்டியாலும் அமைவது என்பதைச் சிம்லாவின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசின் இடப்பெயர்வு

1814 முதல் 1816 வரை நடைபெற்ற ஆங்கிலேய-கூர்க்கர் போருக்குப் பின்னர்ச் சிம்லாப் பகுதியில் ஆங்கிலேயரின் செல்வாக்கு வேரூன்றியது. 1822-இல் சார்லஸ் பிராட் கென்னடி என்னும் அதிகாரி அங்கு நிலையான வீடொன்றைக் கட்டினார். 1827-இல் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் கோடையை அங்கே கழித்தார். உடல்நலம் தேடிச் சென்றோரின் தங்குமிடமாக இருந்த அவ்வூர், 1864-இல் ஜான் லாரன்ஸின் ஆட்சிக் காலத்தில் இந்தியாவின் கோடைக்காலத் தலைநகராயிற்று.

இதனால், தனிமனிதரின் விருப்பமாக இருந்த மலைப்பயணம் அரசின் ஆண்டு ஒழுங்காக மாறியது. கல்கத்தாவிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த மலைக்கு அதிகாரிகளும் எழுத்தர்களும் கோப்புகளும் ஆண்டுதோறும் சென்று திரும்பினர். அவர்களைப் பின்தொடர்ந்து வணிகரும் விடுதி நடத்துவோரும் சென்றனர். கெயிட்டி நாடக அரங்கு 1887-இலும், அரசப் பிரதிநிதியின் மாளிகை 1888-இலும் எழுந்தன. 1891-இல் கால்கா வரை வந்த இருப்புப்பாதை 1903-இல் சிம்லாவை எட்டியது. நீலகிரி மலை இருப்புப்பாதையும் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் அடைந்தது. மாகாண அரசுகளும் இதே வழக்கத்தைப் பின்பற்றின. வங்காளத்திற்கு டார்ஜிலிங்கும், பம்பாய்க்கு மகாபலேசுவரமும், சென்னைக்கு உதகையும் கோடை இருக்கைகளாயின.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அரசின் 'கோடை' ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நீண்டது. சூலை, ஆகத்து மாதங்களின் கனமழையும் அதனுள் அடங்கும். இன்றைய சுற்றுலாவோ மழை தொடங்கியதும் மலையைவிட்டு இறங்கிவிடுகிறது. மலை ஒன்றே, மழைக்காலமும் ஒன்றே, பருவத்தின் எல்லை மட்டும் வேறுபடுகிறது. எனவே, பருவத்தை வானம் மட்டும் வகுக்கவில்லை என்பது தெளிவு.

சுமந்தோரின் பொழுது

வருவோரின் பொழுது வாழ்வோரின் பொழுதோடு மோதிய இடம் 'பேகார்' என்னும் கட்டாய உழைப்பு முறையாகும். அதிகாரிகள் மலைப்பாதைகளில் பயணம் செய்யும்போது அவர்தம் சுமைகளைத் தூக்கும் கடமை சுற்றுப்புற உழவர் மீது சுமத்தப்பட்டிருந்தது. அழைப்பு வந்த வேளையில், வயலில் வேலை இருப்பினும் அதை விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. சாமுவேல் ஸ்டோக்ஸ் இதனை எதிர்த்து மலை உழவரைத் திரட்டினார். 1921-இல் அப்போராட்டம் பயன் தந்தது. அதே ஆண்டில் சிம்லா சென்ற காந்தியடிகள், மக்களுக்கு எட்டாத ஐந்நூறாவது மாடியிலிருந்து நடக்கும் ஆட்சி என்னும் கருத்தில் அதனைக் கண்டித்து எழுதினார்.

கோப்பிலிருந்து விடுமுறைக்கு

1947-க்குப் பின்னர் நடுவணரசின் கோடைப் பயணம் மறைந்தது. அது வளர்த்த பழக்கம் மறையவில்லை. கோப்புகளின் இடத்தைப் பள்ளி விடுமுறை பெற்றது. தில்லி, பஞ்சாப், அரியானா ஆகிய பகுதிகளின் கோடை விடுமுறையே இன்று சிம்லாவின் முதன்மைப் பருவத்தை வகுக்கிறது. சிம்லாவின் பள்ளிகளோ நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்தில் விடுகின்றன. விருந்தினர் ஓய்வெடுக்கும் மாதங்கள் ஊராருக்கு வேலை மாதங்களாகவும் பள்ளி மாதங்களாகவும் அமைகின்றன. விடுதிப் பணியாளர், சுமை தூக்குவோர், வண்டி ஓட்டுவோர் ஆகியோர் சில வாரங்களின் வருவாயைக் கொண்டே ஆண்டின் பெரும்பகுதியை நடத்த வேண்டியவராகின்றனர்.

வருவாய் சில வாரங்களில் குவிவதுபோலச் சுமையும் குவிகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய இவ்வாரங்களில்தான் மலை ஊற்றுகளும் ஓடைகளும் வற்றுகின்றன. பனிப்பொழிவு குறைந்த குளிர்காலத்தைத் தொடர்ந்து 2018 மே இறுதியில் சிம்லா கடும் நீர்ப்பஞ்சத்திற்கு உள்ளானது. நகரின் தேவையில் ஏறத்தாழப் பாதியளவு நீரே கிடைத்தது. பள்ளிகள் சில நாள்கள் மூடப்பட்டன. கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. சுற்றுலாவிற்கு மிகுந்த நீர் தேவைப்படும் காலமும் மலையில் நீர் மிகக் குறையும் காலமும் ஒன்றாக இருப்பதே இதன் அடிப்படை முரண் ஆகும்.

முடிவுரை

சுற்றுலாப் பருவம் மனிதர் வகுத்ததாயின், அதை மனிதர் திருத்தவும் இயலும். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்-அனுமதி கட்டாயமாக்கப்பட்டது அத்தகைய முயற்சியாகும். ஆயினும், கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரப்புவது மட்டும் தீர்வாகாது. 2023 ஆகத்து மழையில் சிம்லாவின் சம்மர்ஹில் பகுதியில் நிகழ்ந்த நிலச்சரிவு, மழைக்காலத்தில் மலை தாங்கும் எல்லையையும் உணர்த்தியது. ஒரு மலையூர் எப்போது, எத்தனை பேரை ஏற்கலாம் என்பதை அவ்வூரின் நீரும் மண்ணும் உழைப்பும் முடிவு செய்தல் வேண்டும். நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் ஒருங்கே வைத்தெண்ணிய பழந்தமிழ்ப் பார்வை இதற்கு இன்றும் பொருந்துவதாகும்.