ஐந்து கையெழுத்தும் ஒரு வட்ட முத்திரையும்: நெய்வேலியிலிருந்து நோட்டரி வரலாறு

நோட்டரிகள் சட்டம் 1952இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1956 பிப்ரவரி 14இல். அதே ஆண்டு நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. ஆனால் நோட்டரியை ஊர்தான் அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகள் எதிர்பார்த்த அதே ஆண்டில், நெய்வேலியில் புதிதாக ஒரு நகரியத்துக்கு அடித்தளம் விழுந்தது.

ஆவணத்துக்குச் சாட்சி தேடுவது, நெய்வேலி அடங்கிய பழைய தென்னார்க்காட்டு மண்ணுக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில், தம்மை அடிமை என்று உரிமை கோரிய முதியவரிடமிருந்து பறித்துச் சுந்தரர் கிழித்தது படியோலை, அதாவது நகல். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே மூலவோலையின் கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே தீர்ப்பு வருகிறது. கையெழுத்து உண்மையா என்பதே அந்த அவையின் கேள்வி. நோட்டரி முன் வரும் தாளுக்கும் அதே கேள்விதான்.

நோட்டரி என்ற பதவி நமக்கு வந்த வழி வேறு. ஆங்கிலேய ஆட்சியில் நோட்டரிகளை நியமித்தது கான்டர்பரி பேராயரின் கீழிருந்த ஓர் அலுவலகம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அரசுக்கும் நியமன அதிகாரம் தந்தது. ஆனால் அது உண்டியல், காசோலை போன்றவை மறுக்கப்பட்டதைப் பதிவுசெய்யும் வேலைக்கு மட்டும். சுதந்திர நாட்டின் வழக்கறிஞர் இங்கிலாந்தின் திருச்சபை அலுவலகத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பதே 1952 சட்டத்துக்கு ஒரு காரணம்.

இன்று நோட்டரி ஆக விரும்பும் வழக்கறிஞருக்குப் பத்தாண்டு தொழில் அனுபவம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு போதும். நெய்வேலியில் இருப்பவர் கடலூர் மாவட்ட நீதிபதி வழியாகவோ, தாம் தொழில் செய்யும் நீதிமன்றத்தின் தலைவர் வழியாகவோ மனுவை அனுப்புவார். சட்டம் மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்கும் நியமன அதிகாரம் தருகிறது. 1956 விதிகள் மனுவில் ஐவரின் மேலொப்பம் கேட்டன: ஒரு நீதித்துறை நடுவர், ஒரு வங்கி மேலாளர், ஒரு வணிகர், உள்ளூர் முக்கியஸ்தர் இருவர். எனக்கு இந்தப் பட்டியலில் சுவையானது வணிகர்தான். கடைத்தெருவின் நாணயத்தைச் சட்டம் நடுவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. ஜமீனும் மிராசும் இல்லாமல், எல்லோரும் பணி நிமித்தம் வந்து 'வட்டம்' எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறிய நெய்வேலி நகரியத்தில் 'முக்கியஸ்தர்' யார்? தொழிற்சங்கத் தலைவரா, பள்ளித் தலைமையாசிரியரா? விதி அதைச் சொல்லவில்லை.

நகரியத்துக்குள் குடியிருப்புகள் நிறுவனத்துடையவை. வட்டத்தில் வாழ்பவர் வீட்டை விற்கவும் முடியாது, எழுதி வைக்கவும் முடியாது. ஆகவே இங்கே நோட்டரியின் மேசைக்கு நிலத்தைவிட மனிதரைப் பற்றிய தாள்களே பொருந்தும்: பெயர்த் திருத்தம், தொலைந்த சான்றிதழ், வாரிசு வேலைக்கான பிரமாணப் பத்திரம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வெளியூர் போன குடும்பத்துக்குப் பொது அதிகாரப் பத்திரமும் உண்டு. நோட்டரி முன் எழுதிச் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை நீதிமன்றம் உண்மையென முதலில் கொள்ளும். பொய்யென்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கதை தலைகீழ். இலங்கையில் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. இங்கோ நில விற்பனை சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பத்திலோ இந்திரா நகரிலோ மனை வாங்குபவர் கையில் வெறும் நோட்டரி முத்திரை வைத்த விற்பனைத் தாள் மட்டும் இருந்தால், அந்த மனை இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது.