வாக்கில்லாதவர் எழுதிய மனு

மன்றத்திற்கு நாம் அனுப்பிய உறுப்பினரிடம் நம் குறையை எவ்வாறு எடுத்துரைப்பது? இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குச் சென்னையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. அப்பாடத்தைக் கற்பித்தவர்களுக்கு வாக்குரிமை என ஒன்று இருந்ததே இல்லை என்பதுதான் வியப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சென்னை மாகாணம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியில் இருந்தது. நிலவரி கடுமை; அதனைத் தண்டிய முறையோ அதனினும் கடுமை. வரி தண்டுவதும் காவல் புரிவதும் தாசில்தாரின் கீழ் ஒரே கையில் இருந்தன. வரி செலுத்த இயலாத குடியானவனின் விரல்களைக் கிட்டி என்னும் மரக்கருவியில் வைத்து நெரிப்பர். தலையைக் கால்களோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கொளுத்தும் வெயிலில் நிறுத்துவர். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். முறையிடலாம் என்றால், வருத்தியவனும் விசாரிக்க வேண்டியவனும் ஒருவனாகவே இருந்தான். ஏழைக் குடியானவன் வேறு எங்கே போவான்?

அந்நாளில் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்னும் வணிகர் வாழ்ந்தார். பொருளீட்டியதோடு நின்றுவிடாமல், 1844-இல் ‘கிரசென்ட்’, அதாவது பிறை, என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கி மக்களின் குறைகளை எழுதி வந்தார். 1852-இல் அவர் முயற்சியால் சென்னை சுதேசிகள் சங்கம் தோன்றியது. சங்கத்தாரின் முதற்பெரும் பணி, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு ஒரு மனு விடுத்ததாகும்.

அம்மனுவின் சிறப்புகள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. முதலாவது, அது சென்ற காலம். கம்பெனியாருக்கு அளிக்கப்பட்டிருந்த இருபதாண்டு உரிமை 1854-இல் முடிவுற இருந்தது. அவ்வுரிமையைப் புதுப்பிப்பது பற்றிப் பாராளுமன்றம் ஆராய்ந்து கொண்டிருந்த வேளையில் மனு போய்ச் சேர்ந்தது. முடிவு செய்தபின் வரும் முறையீடு புலம்பலாகவே எஞ்சும். முடிவுக்கு முன் வருவதே ஆலோசனையாக மதிக்கப்படும். இரண்டாவது, அது சொன்ன பொருள். வசைமொழிகளை அடுக்காமல், வரிச்சுமை, நீதிமன்றங்களின் தாமதமும் செலவும், சாலைகளும் நீர்ப்பாசனமும் கல்வியும் போதாமை எனக் குறைகளை வகைப்படுத்தி உரைத்தது. மூன்றாவது, கேட்கும் செவியைத் தேடியது. இந்தியச் சீர்திருத்தம் நாடிய உறுப்பினர் சிலர் அப்போது இலண்டனில் ஒரு சங்கமாகக் கூடியிருந்தனர். சென்னையாரின் குரல் அவர்களை எட்டியது.

அவர்களுள் ஒருவர் டான்பி சீமோர். இங்கிலாந்தில் பூல் என்னும் தொகுதியின் உறுப்பினர். அவருக்கு வாக்களித்தவர்களுள் சென்னை மாகாணத்தார் ஒருவரும் இலர். சென்னையின் துயரைக் கேட்க வேண்டிய கடமை அவருக்கு இருக்கவில்லை. எனினும் 1853-இல் அவர் நேரில் வந்தார். லட்சுமிநரசு செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையைக் கண்ணாரக் காணச் செய்தார். காகிதத்தில் படித்ததற்கும் கண்ணால் கண்டதற்கும் உள்ள வேற்றுமை பெரிது!

1854-ஆம் ஆண்டு ஜூலையில் பாராளுமன்றத்தில் இச்செய்தி விவாதத்திற்கு வந்தது. கம்பெனியார் பக்கம் நின்றோர் நம்ப மறுத்தனர். ஆயினும், பார்த்து வந்தவர் ஒருவர் அவையிலேயே இருக்கும்போது மறுப்பு எத்துணை நேரம் நிற்கும்? விசாரணை தவிர்க்க இயலாததாயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட குழு சென்னையில் அமர்ந்தது. துன்புற்றோர் முறையிடலாம் என அறிவித்தது. அதுவரை வாய் திறவாதிருந்த மக்கள் திரண்டனர். தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நேரில் வந்தோர் பலர். கடிதம் விடுத்தோர் பலர். வந்த முறையீடுகள் ஏறத்தாழ இரண்டாயிரம்.

1855-இல் குழு தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுவதிலும் காவல் துறையிலும் சித்திரவதை நிகழ்ந்தது உண்மையே என அது ஒப்புக்கொண்டது. பழியைக் கீழ்நிலை இந்திய அலுவலர்மீது சுமத்தி ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது அதன் குறையே. எனினும், ‘இல்லை’ என்று மறுக்கப்பட்டது அரசின் ஏட்டிலேயே ‘உண்டு’ என்று பதிவாகிவிட்டது. காவலையும் வரியையும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தனிக் காவல் துறை அமைந்தது. மனு எழுதிய நாளிலிருந்து ஏழாண்டுகள்! பொறுமையின்றி இப்பயன் கிட்டியிருக்குமா?

இன்று நம் நிலை என்ன? வாக்குச்சீட்டு நம் கையில் இருக்கிறது. நம் உறுப்பினரைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. மக்களவையிலும் மனுக்களை ஆராயக் குழு உண்டு. உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்துடன் எவரும் மனு அளிக்கலாம். ஆனால் நம்மில் பலர் உறுப்பினரைத் தேடுவது மகனுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கவும், திருமணத்திற்கு அழைக்கவுமே. தெருவில் குடிநீர் வரவில்லை என்றால் திண்ணையில் அமர்ந்து ஏசுகிறோம். எந்த நாள் முதல், எத்தனை வீடுகளுக்கு, யாரிடம் முறையிட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தெருவார் கையொப்பமிட்டு அனுப்புவதில்லை. ‘வந்து பாருங்கள்’ என அழைப்பதில்லை. பதில் வராவிடின் மீண்டும் எழுதுவதில்லை.

வாக்கில்லாதவர்கள், தமக்குக் கடமைப்படாத உறுப்பினர் ஒருவரைக் கடல் கடந்து வரச் செய்தார்கள். கிட்டியில் நெரிந்த விரல்கள் அன்று ஒரு குழுவின் முன் நீட்டப்பட்டன. அரசு பார்க்க வேண்டியதாயிற்று. நம் விரல்களோ நலமாக இருக்கின்றன. எழுதுவதற்குத் தடை என்ன?