பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்

நாஷ்வில் நகரைத் 'தென்னகத்தின் ஏதென்சு' என்று அமெரிக்கர் பெருமையோடு அழைப்பர். டென்னசி மாநிலத்தின் தலைநகரான அங்கே கல்லூரிகளுக்குக் குறைவில்லை, கலைகளுக்கும் குறைவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டில், அந்நகரின் பெருங்கடைகளிலே கறுப்பின மாணவன் சட்டை வாங்கலாம், ஏடும் எழுதுகோலும் வாங்கலாம். அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து ஒரு குவளை காப்பி அருந்த முடியாது. அவன் தந்த காசுக்குத் தீட்டில்லை, அவனுக்குத்தான் தீட்டு!

இந்த இழிவைத் துடைப்பது எப்படி என்று கற்றுத் தந்த கல்லூரி எது? எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் அது இல்லை. கற்றுத் தந்தவர் ஒரு மாணவர்!

ஜேம்ஸ் லாசன், வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் சமயவியல் பயின்றுகொண்டிருந்த கறுப்பின இளைஞர். கொரியப் போரின்போது படையில் சேர மறுத்துச் சிறை புகுந்தவர். 1953-இல் நம் நாட்டு நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடியே காந்தியாரின் அறப்போர் முறையை ஆராய்ந்தவர். மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தி, நாகபுரிச் செய்தித்தாள் வழியேதான் அவருக்கு எட்டியது. 1956-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், காலம் தாழ்த்தாமல் தெற்கே வருமாறு வேண்டினார். 1958-இல் நாஷ்வில் சென்றார் லாசன்.

கிளார்க் நினைவுத் தேவாலயத்தில் அவர் நடத்திய வகுப்புக்கு ஃபிஸ்க் பல்கலைக் கழகம் முதலிய கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து மாணவர் வந்தனர். டயான் நாஷ் வந்தார். ஜான் லூயிஸ் வந்தார். பாடம் எப்படி நடந்தது தெரியுமா? நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சிலர் உட்காருவர். வேறு சிலர் வெள்ளை வெறியராக நடிப்பர். ஏசுவர், தலைமயிரைப் பற்றி இழுப்பர், முகத்தில் புகையை ஊதுவர், கீழே தள்ளுவர். உட்கார்ந்தவர் திருப்பி அடிக்கக் கூடாது, எழுந்து ஓடவும் கூடாது. விழுந்தால் தலையைக் காத்துக் கொள்வது எப்படி, அடிபடும் தோழரைத் தன் உடலால் மறைப்பது எப்படி என்பதையும் பயின்றனர். ஒப்பிக்கும் மாணவனைக் கண்டு பூரிக்கும் பள்ளி ஆசிரியருள் நானும் ஒருவன். அந்த வகுப்பிலோ ஒப்பிப்பதற்கு ஒன்றுமில்லை, உடம்புதான் ஏடு!

தலைமையையும் அவர்கள் பொதுவுடைமை ஆக்கினர். நடுக்குழு கூடிப் பேசி, அனைவரும் இசைந்த பின்னரே முடிவெடுத்தது. 21 வயது மங்கை டயான் நாஷ் அதற்குத் தலைமை தாங்கினார். தனியொரு தலைவரைச் சிறையில் தள்ளி இயக்கத்தை முடித்துவிடலாம் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை.

1960 பிப்ரவரி 13-இல் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் கடைகளுக்குள் சென்று சிற்றுண்டி மேசைகளில் அமர்ந்தனர். பிப்ரவரி 27-இல் வெறியர் பாய்ந்தனர். காவலர் சிறைப்படுத்தியது யாரை? அடித்தவரை அன்று, அடிபட்டவரை! ஒரு வரிசையைக் கைது செய்து கொண்டுபோனால், அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. மார்ச் மாதம் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகம் லாசனை வெளியேற்றியது. அதைக் கண்டித்துப் பேராசிரியர் பலர் பதவி துறக்க முன்வந்தனர். கறுப்பின மக்களோ கடைவீதியையே புறக்கணித்தனர். வணிகர்க்கு நீதி விளங்காவிட்டாலும் நட்டம் விளங்குமன்றோ?

ஏப்ரல் 19 விடியலில், மாணவர்க்காக வாதாடிய வழக்குரைஞர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறவாது ஊர்வலமாகச் சென்று நகர மன்றத்தின் முன் நின்றனர். நிறம் ஒன்றையே காரணமாக்கி மனிதரை ஒதுக்குவது தவறென்று நீங்கள் உணர்கிறீர்களா என்று மேயர் பென் வெஸ்டை நோக்கி டயான் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-இல் ஆறு கடைகளின் சிற்றுண்டி மேசைகள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன.

இன்று சமூக நீதியும் மக்களைத் திரட்டும் முறையும் பல்கலைக் கழகப் பாடங்களாகிவிட்டன. வரவேற்கிறேன். ஆயினும் அவை அங்கே நுழைந்த வழியை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துவது வரலாறாகாது. லாசனை வெளியேற்றிய அதே வாண்டர்பில்ட், 2006-இல் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தது. அறப்போர் இயக்கங்களை ஆராய்வதற்கென 2021-இல் அவர் பெயராலேயே ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது.